தூக்காத கை

அவன் விசிலை எடுத்து ஊதினான். அவ்வளவுதான்... முகாமே அப்படியே நின்றுவிட்டது.

குழாயடியில் நின்றவர்கள் குழாயைத் திருகி மூடினார்கள். பிள்ளைக்குச் சோறு ஊட்டிக்கொண்டிருந்தவள் பிள்ளையின் வாயைப் பொத்தினாள். சமையல் கொட்டகையில் கரண்டிச் சத்தம் பாதியில் அறுந்தது. நானூறு பேர், நின்றவர் நின்றபடி, இருந்தவர் இருந்தபடி, தலையைச் சற்றே சாய்த்துத் தரையைப் பார்த்துக்கொண்டு... கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

என்னத்தைக் கேட்கிறார்கள்? அவனுக்கு விளங்கவில்லை. தோளில் வலைப்பை, கக்கத்தில் பந்து, வாயில் விசில். காலையில்தான் வந்து இறங்கியிருந்தான். வீடு வாசல் போனவர்கள் தங்கியிருக்கும் இடங்களுக்குப் போய், அவர்களைத் திரட்டி வாலிபால் ஆடவைப்பது அவன் வேலை. ஒரு முகாமுக்குத் தொண்ணூறு நாள், பிறகு அடுத்த முகாம். வெள்ளம் பார்த்தவர்கள், தீயில் தப்பியவர்கள், எத்தனையோ பேரைப் பார்த்தவன். இப்படி ஒரு நிசப்தத்தைப் பார்த்ததில்லை. சரி, இன்னொரு தரம் ஊதுவோம் என்று மூச்சை இழுத்தான்.

ஒரு கை வந்து விசிலை அவன் வாயிலிருந்து பிடுங்கியது.

கழுத்தில் அளவு நாடா, மறு கையில் கத்தரிக்கோல். அவள் முகத்தை அவன் பிறகுதான் பார்த்தான். முதலில் பார்த்தது கண்களை. அழுது தீர்ந்து, அதற்கப்புறமும் தூங்காத கண்கள்... அந்தக் கோபத்திலும் அவை வானத்தை ஒரு தரம் அளந்துவிட்டுத்தான் அவனிடம் வந்தன.

"இன்னொரு தடவை ஊதினீங்கன்னா வாயைத் தைச்சிடுவேன்," என்றாள் மெதுவாக. "எனக்கு அதுதான் தொழில்."

பிறகு கூட்டத்தின் பக்கம் திரும்பினாள். "ஒண்ணுமில்ல. பந்தாட்டத்துக்கு ஊதியிருக்காரு. அவங்கவங்க வேலையைப் பாருங்க."

குழாய் திறந்தது. கரண்டி அசைந்தது. கையில் நீள இரும்புக் கம்பி வைத்திருந்த ஒரு பெரியவர் மட்டும் வெகுநேரம் தலையைச் சாய்த்தபடியே நின்றார். அவர் அவளுடைய அப்பா என்பது அவனுக்கு அப்போது தெரியாது.

விஷயத்தைச் சொன்னவள் கடைக்காரம்மா. மலையடிவாரத்தில் மளிகைக் கடை வைத்திருந்தவள், கடையோடு மகனையும் மருமகளையும் மண்ணுக்குக் கொடுத்தவள். மலை சரிந்து இரண்டு தெருவை மூடிய பிறகு பத்தொன்பது நாள் தேடினார்கள் என்றாள். தேடுகிறவர்கள் விசில் ஊதினால் இயந்திரமெல்லாம் நிற்கும், பேச்சு நிற்கும், மூச்சைக்கூட அடக்கிக்கொள்ள வேண்டும். அடியில் யாராவது தட்டுகிறார்களா என்று எல்லோரும் காது கொடுப்பார்கள். பிறகு அவர்களின் தலைவர், யாருக்காவது கேட்டதா என்பார். கேட்டவர்கள் வாய் திறக்கக் கூடாது, கையைத்தான் தூக்க வேண்டும். கை தூக்கியவர் காட்டுகிற இடத்தில் தோண்டுவார்கள்.

"ரெண்டாம் நாள் நான் தூக்கினேன் தம்பி," என்றாள் அவள், கீரை ஆய்ந்துகொண்டே. "அஞ்சு மணி நேரம் தோண்டினாங்க. உடைஞ்ச குழாய்ல தண்ணி சொட்டியிருக்கு. அந்த அஞ்சு மணி நேரத்துல மேற்குப் பக்கம் ஒரு உயிர் முனகி முனகி அடங்கிப்போச்சு. அதுக்கப்புறம் எங்க ஊருல யாருக்கும் சுலபமா கை எழும்பல."

அவன் விசிலை வாங்கி, துணியில் சுற்றி, பையின் அடியில் போட்டான். ஆனால் ஊர் விடுமா? ஊதாத மனுசனுக்கு 'விசில்காரர்' என்றே பெயர் விழுந்துவிட்டது.

*

மறுநாள் அவன் இன்னொரு தப்பு செய்யவிருந்தான். சனம் தங்கியிருந்த கிடங்கின் முன்னால் இருந்த சிமெண்டுத் தளத்தில் கோடு போட வெள்ளைப் பொடி மூட்டையைப் பிரித்தான். தையல் இயந்திரத்தின் பின்னாலிருந்து குரல் மட்டும் வந்தது.

"பிணம் எடுத்த இடத்துலயெல்லாம் அந்தப் பொடியைத்தான் தூவினாங்க சார்."

அவன் மூட்டையைக் கட்டினான். வந்து அவள் முன்னால் நின்றான். அந்தக் கிடங்கு வாசலுக்கு எப்போது வந்தாலும் அவன் பார்வை முதலில் கூரைக்குத்தான் போகும், பிறகுதான் மனுசருக்கு வரும். அவள் அதைக் கவனித்திருந்தாள். என்ன இது, ஒட்டடை பார்க்க வந்தவர் மாதிரி...

"விசில் கூடாது, பொடி கூடாது. பந்தாவது கூடுமா?" என்று கேட்டான்.

"பந்து உருண்டையா இருக்கறவரைக்கும் கூடும்."

"கோட்டுக்கு என்ன பண்றது, டெய்லரம்மா?"

அவள் எழுந்து போய் ஒரு மூட்டையை இழுத்துவந்து அவன் காலடியில் கவிழ்த்தாள். கழுத்தில் கட்டுகிற டை! நூற்றுக்கணக்கில். பட்டு, கோடு போட்டது, புள்ளி வைத்தது... எந்த மகராசனோ முகாமுக்கென்று அனுப்பிய தருமம். மாற்றுத்துணி இல்லாமல் குளிக்க முடியாமல் கிடந்த சனத்துக்கு டை. கடைக்காரம்மா அதில் ஒன்றை இடுப்பில் கட்டிக்கொண்டு, ஆபீசுக்குப் போய்ட்டு வரேன் என்று சமையல் கொட்டகைக்குப் போவாள்.

அன்று மாலைக்குள் டைகளை ஒன்றோடொன்று தைத்து, ஆடுகளத்துக்கு எல்லை கட்டிக் கொடுத்துவிட்டாள். உலகத்தில் வேறெங்கும் அப்படி ஒரு ஆடுகளம் இருந்திருக்காது. காலில் தட்டினால் வழுக்கும், காற்றடித்தால் பாம்பாக நெளியும். பார்த்தவர்களுக்குச் சிரிப்பு வந்தது. சிரித்த பிறகு, சிரித்துவிட்டோமே என்று வாயை மூடிக்கொண்டார்கள்.

விசில் இல்லாமல் ஆட்டத்தை எப்படி நடத்துவது? அவன் ஒரு வழி கண்டுபிடித்தான். வலையைத் தொட்டாலோ, கோட்டை மிதித்தாலோ, வெளியே போகிற பந்து கடைசியாகத் தன் மேல் பட்டிருந்தாலோ, தொட்டவரே கையைத் தூக்கிவிட வேண்டும். நடுவர் வேண்டாம், அவரவர் மனசு போதும். ஆட வந்த பெண்கள் அதைக் கேட்டு ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். மறுபடியும் கை தூக்கவா... முதல் நாள் யாரும் தூக்கவில்லை. இரண்டாம் நாள் பந்து கடைக்காரம்மாவின் கொண்டையில் பட்டு வெளியே போனது. அவள் கொண்டையைத் தொட்டுப் பார்த்தாள். பிறகு மெல்லக் கையைத் தூக்கினாள். யாரும் திட்டவில்லை. ஒரு புள்ளி போயிற்று, அவ்வளவுதான். அவள் அங்கேயே உட்கார்ந்து அழுதாள். அழுது முடித்ததும் எழுந்து, "போடுங்கடி பந்தை," என்றாள்.

டெய்லர் மட்டும் களத்துக்கு வரவில்லை. ஒரு நாள் தவறிப்போன பந்து அவள் இயந்திரத்தை நோக்கிப் பறந்துவந்தது. தையலிலிருந்து தலையை நிமிர்த்தாமலேயே, பத்து விரலாலும் பூப்போல ஏந்தி, அவன் நெஞ்சுக்கு நேராக அனுப்பினாள்.

அவன் பந்தைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டான். "இது தையல்ல பழகின விரல் இல்லையே..."

ஆமாம், பள்ளிக்கூடத்தில் ஆடினாளாம். அவள் எடுத்துக்கொடுப்பாள், அக்கா அடிப்பாள். அவர்கள் இரண்டு பேரும் நின்றால் எதிர்ப்பக்கம் பல்லு பறக்குமாம். அக்கா இப்போது எங்கே என்று அவன் கேட்கவில்லை. அந்த முகாமில் யாரும் யாரையும் அப்படிக் கேட்பதில்லை. அவள்தான் சொன்னாள்: அக்காவின் கணவரை முதல் நாளே எடுத்துவிட்டார்கள், அக்காவை எடுக்கவில்லை. தேடுவதை நிறுத்தின பிறகும் அப்பா தினமும் காலையில் கம்பியை எடுத்துக்கொண்டு சரிவுக்குப் போகிறார், மண்ணைக் குத்திப் பார்க்கிறார், இருட்டுவதற்குள் திரும்புகிறார். இறந்ததாக ஒப்புக்கொள்ளும் படிவம் கையெழுத்தாகாமல் அவர் தலையணைக்கு அடியில் கிடக்கிறது.

பிறகு அவளும் ஆட வந்தாள். எப்படி வந்தாள் என்று அவளுக்கே தெரியாது. அந்த அரைமணி நேரத்தில் அவள் வானத்தைப் பார்க்க மறந்தாள்... வலைக்கு அந்தப் பக்கத்திலிருந்து ஒரு ஜோடிக் கண் தன்னையே பார்ப்பதும், தான் பார்த்தால் அது சட்டென்று பந்துக்கு ஓடுவதும் அவளுக்குத் தெரிந்தது. அக்கா, உன் தங்கையைப் பார்த்தாயா, என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டாள். சொன்னதும் வந்த பந்தைத் தவறவிட்டாள்.

ஒன்றே ஒன்றுதான் அவனுக்குப் புதிராக இருந்தது. ஒரு தையல் தப்பினால் முழுச் சட்டையையும் பிரித்துத் தைக்கிறவள், களத்தில் கையைத் தூக்குவதில்லை. பந்து அவள் விரலில் பட்டதை எல்லோரும் பார்ப்பார்கள். அவள் கை மட்டும் எழும்பாது, முகம் வெளுத்துவிடும். டெய்லரு கள்ள ஆட்டம் ஆடறாடி என்று பெண்கள் கேலி செய்வார்கள். அவன் கேலி செய்யவில்லை.

*

முப்பதாவது நாளோ என்னவோ, அப்பா அன்றைக்குச் சீக்கிரம் திரும்பிவிட்டார். முழங்கால்வரை சேறு. களத்தின் ஓரத்தில் நின்று மகள் எம்பிக் குதிப்பதைப் பார்த்தார். அவர் லாரி ஓட்டியவர். பாதையைத் தவிர எதையும் உரக்கத் திட்டாதவர். அன்றும் உரக்கப் பேசவில்லை.

"வீட்டுப் பொணத்தை இன்னும் எடுக்கல. நீ பந்தாடுறியாம்மா?"

அவள் அன்றோடு நிறுத்தினாள். பயிற்சியாளன் மறுநாள் பெரியவரிடம் போய் மன்னிப்புக் கேட்டான். உங்க வேலையை நீங்க செய்யறீங்க தம்பி, என் வேலையை நான் செய்யறேன் என்று சொல்லி அவர் கம்பியை எடுத்துக்கொண்டு நடந்துவிட்டார். அதில் கோபம் இல்லை. கோபம் இருந்திருந்தால் சமாதானம் செய்யலாம்.

காதல் கதை என்றால் ஒரு மழை வர வேண்டும் என்று எதிர்பார்ப்பீர்கள், எனக்குத் தெரியும் கண்ணுகளா. வந்தது. ஆனால் அந்த சனத்துக்கு மழை என்றால் காதல் இல்லை, மலை. முதல் துளி விழுந்ததுமே பிள்ளைகளை இழுத்துக்கொண்டு எல்லோரும் கிடங்குக்குள் ஓடினார்கள். நடுப்பகலில் கதவை அடைக்கப் போன டெய்லர், வெளியே அவன் தனியாக நிற்பதைப் பார்த்தாள். சட்டை உடம்போடு ஒட்டியிருந்தது.

உள்ளே வரச் சொன்னாள். வரவில்லை. முகாமுக்கு வந்த நாளிலிருந்து அவன் வெளியே தளத்தில்தான் படுக்கிறான், மழை வந்தால் லாரித் தார்ப்பாயைப் போர்த்திக்கொள்கிறான் என்பது அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. நிலைப்படிக்கு இந்தப் பக்கம் அவள், அந்தப் பக்கம் அவன். அவளுக்கு மழையில் இறங்கக் கால் வரவில்லை. அவனுக்குக் கூரைக்கடியில் ஏறக் கால் வரவில்லை.

அங்கே நின்றபடியே சொன்னான். பதினொரு வயதில் நிலம் நடுங்கி வீடு இறங்கியதை. பக்கத்தில் அம்மா பேச்சை நிறுத்தியதை. இரண்டு நாள் இருட்டில் கிடந்து, கைக்கு எட்டிய ஒரு கரண்டியால் தட்டிக்கொண்டே இருந்ததை. மேலே விசில் சத்தம் கேட்டதாம். உடனே மேலே எல்லாம் அடங்கிப்போனதாம்.

"அன்னிலேருந்து விசில்னா எனக்கு உயிர். இங்க வந்து ஊதினப்ப மேல நின்னு கேட்டவங்களுக்கு அது எப்படி இருக்கும்னு யோசிக்கவே இல்ல. நான் கீழ கிடந்து கேட்டவன், இல்லையா..." மழைத்தண்ணீரை முகத்திலிருந்து வழித்தான். "மேல யாரோ ஒருத்தர் கையைத் தூக்கியிருக்காரு. யாருன்னு இன்னிக்கு வரைக்கும் தெரியாது. அந்தக் கை எழும்பினதாலதான் நான் உங்க முன்னாடி நிக்கறேன்."

அவள் கதவைச் சாத்திவிட்டாள்.

*

அதற்குப் பிறகு அவள் அவனைப் பார்ப்பதையே விட்டுவிட்டாள். அவன் வந்தால் இயந்திரத்தை வேகமாக மிதிப்பாள். துணி கிழிந்தது என்று கொண்டுவந்தால், கடைக்காரம்மா கையில் கொடுத்துவிடச் சொல்வாள். ஐம்பது நாள், அறுபது நாள் ஆயிற்று. இன்னும் ஒரு வாரம்தான் என்று ஆனபோது அவன் வந்து நின்று, நான் என்ன தப்பு செய்தேன் என்று கேட்டான்.

இயந்திரம் நின்றது. "நாளைக்குக் காலையில எங்கப்பா கூட சரிவுக்குப் போறேன். நீங்களும் வாங்க," என்றாள். "விசிலையும் எடுத்துக்குங்க."

மறுநாள் மூன்று பேரும் நடந்தார்கள். ஊர் இருந்த இடத்தில் சிவப்பு மண். நடுவில் ஒரு வீட்டின் மாடிப்படி மட்டும் எங்கும் போகாமல் நின்றது. அப்பா நேராக ஓர் இடத்துக்குப் போய்க் கம்பியை ஊன்றினார். அந்த இடம் முழுக்க, சல்லடை போல, கம்பி குத்திய துளைகள். வேறெங்கும் ஒரு துளை இல்லை. அவள் அதைப் பார்த்தாள். இந்த இடத்தில்தானே அன்று அவளுக்கு...

"ஊதுங்க," என்றாள்.

அவன் ஊதினான். ஒரே நீள விசில். ஓய்ந்ததும், மூன்று பேரும் மூச்சை அடக்கி நின்றார்கள். காற்று. தூரத்தில் ஓர் ஓடை. மண்ணுக்கடியில் ஒன்றுமில்லை.

"இப்போ தேடினவங்க கேட்ட மாதிரியே கேளுங்க."

அவன் முகம் கறுத்தது. ஆனாலும் கேட்டான். "யாருக்காவது... கேட்டுதா?"

அவள் கையைத் தூக்கினாள். தலைக்கு மேல், நேராக.

"இன்னிக்கு இல்ல," என்றாள். "மூணாம் நாள். ரெண்டு தட்டு... நிறுத்தி, இன்னும் ரெண்டு. எனக்குக் கேட்டுது. குழாயா இருந்தா என்ன பண்றதுன்னு பயந்துட்டேன். முந்தின நாள் கடைக்காரம்மாவை எல்லாரும் திட்டினதைப் பார்த்தேன். தூக்கல. அவங்க கிழக்குப் பக்கம் போயிட்டாங்க." அவள் அவனைப் பார்த்தாள். "உங்களுக்காக ஒருத்தர் தூக்கினாரு. எங்கக்காவுக்காக நான் தூக்கல. இதைத் தெரிஞ்சுக்கிட்டுப் போங்க."

அவன் வாய் திறப்பதற்குள் மண்ணில் கம்பி விழுந்த சத்தம் கேட்டது. இருவரும் திரும்பினார்கள்.

அப்பா கையைத் தூக்கிக்கொண்டு நின்றார்.

"அப்பா..."

"எனக்கும் கேட்டுதும்மா." அவர் கை இறங்கவில்லை. "உன்னைத் திரும்பிப் பார்த்தேன். உன் காது கூர்மையாச்சே... நீ தூக்கல. உனக்கே கேக்கலன்னா எனக்கு மனப்பிரமைன்னு விட்டுட்டேன்."

அவளும் அன்று அப்பாவைத்தான் திரும்பிப் பார்த்திருந்தாள். அவர் கையைத்தான் பார்த்திருந்தாள்.

இரண்டு பேரும் அந்தச் சல்லடை மண்ணில் உட்கார்ந்து அழுதார்கள். அவன் அவர்களைத் தேற்றவில்லை. கொஞ்சம் தள்ளி உட்கார்ந்து, அவர்கள் ஓயும்வரை காத்திருந்தான். ஓய்ந்ததும் அப்பா அக்காவின் பெயரை ஒரே ஒரு தரம் சொன்னார். கம்பியை எடுத்துக்கொண்டு எழுந்தார். அதை அங்கேயே, தலைமாட்டில் நடுவது போல, நட்டுவிட்டு வந்தார்.

திரும்பும் வழியில் அப்பா முன்னால் நடந்தார். அவன் ஏதோ சொல்ல வேண்டும் என்று தவித்து, "குழாயாவும் இருந்திருக்கலாம்," என்றான்.

"இருந்திருக்கலாம். இல்லாமலும் இருந்திருக்கலாம்."

"எனக்குத் தூக்கினவரும் பயந்துக்கிட்டேதான் தூக்கியிருப்பாரு..."

"தூக்கினாரு இல்ல?"

அந்தக் கேள்விக்கு யாரிடமும் பதில் இல்லை கண்ணுகளா, என்னிடமும் இல்லை. கொஞ்ச தூரம் போன பிறகு அவளே, என்னை வெறுத்துட்டீங்களா என்று கேட்டாள்.

"வழி முழுக்க முயற்சி பண்ணிப் பார்த்தேன்," என்றான் அவன். "வரமாட்டேங்குது."

*

தொண்ணூறாவது நாள் வந்தது. அதற்குள் அப்பா படிவத்தில் கையெழுத்துப் போட்டிருந்தார். பேனாவைத் திருப்பிக் கொடுத்தபோது அவர் விரலெல்லாம் மை. அன்று மாலை ஆட்டத்தைப் பார்க்க வந்து ஓரமாக நின்றார். காற்றில் விலகிய டைக் கோட்டைக் குனிந்து சரிசெய்தார். மகளுக்கு அது போதும்.

வலையை அவிழ்த்து மடித்தாயிற்று. பந்துகளைப் பெண்களிடமே கொடுத்துவிட்டான். லாரி வந்து நின்றது. வானம் இருண்டுகொண்டிருந்தது. கடைக்காரம்மா சும்மா இருப்பாளா, இத்தனை நாள் எங்களையெல்லாம் கை தூக்க வெச்சீங்களே தம்பி, கடைசியா ஒரு தடவை கேட்டுட்டுப் போங்களேன் என்றாள்.

அவன் சிரித்தான். சிரிப்பு பாதியில் நின்றது. பையை இறக்கி வைத்தான்.

"நான் போக வேண்டாம்னு நினைக்கறவங்க யாராவது... இருக்கீங்களா?"

களத்தில் நின்ற அத்தனை பெண்களும் கையைத் தூக்கினார்கள், கடைக்காரம்மா இரண்டு கையையும். அவன் அவர்களைப் பார்க்கவில்லை. கிடங்கு வாசலில் இயந்திரம் கடகடவென்று ஓடிக்கொண்டிருந்தது. குனிந்த தலை, வேகமான கால்... ஒரு தூறல் விழுந்தது. பிள்ளைகள் உள்ளே ஓடினார்கள். பெண்கள் கையை இறக்கினார்கள். லாரிக்காரர் ஒரு தரம் ஒலி எழுப்பினார்.

இயந்திரம் நின்றது.

அவள் எழுந்தாள். நிலைப்படிவரை வந்தாள். ஒரு கணம் வானத்தைப் பார்த்தாள். பிறகு, விரலில் தொங்கிய நூலோடு, வலது கை மேலே போனது. யார் பார்க்கிறார்கள், யார் தூக்கியிருக்கிறார்கள் என்று இந்த முறை அவள் திரும்பிப் பார்க்கவில்லை.

அவன் மழையில் நடந்து வந்து படிக்கு வெளியே நின்றான்.

"நீங்க கூரைக்கடியில தூங்க மாட்டீங்க," என்றாள். கை இன்னும் இறங்கவில்லை. குரல்தான் உடைந்திருந்தது. "நான் மழையில நிக்க மாட்டேன். எங்கதான் குடித்தனம் பண்றது?"

அவன் கூரையை ஒரு தரம் பார்த்தான். அவளைப் பார்த்தான். ஒரு காலைத் தூக்கிப் படிக்கு உள்ளே வைத்தான். மற்றொரு கால் மழையிலேயே இருந்தது.

"வராந்தாவைக் கொஞ்சம் பெரிசா வெச்சுக் கட்டிக்கலாம்," என்றான்.